செடித் தொட்டியில் பாசி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஊர்க் குளத்தில் தண்ணீர் மொள்ளப் போகிறவர்கள் குடத்தின் வாயால் பாசியை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, தெளிந்த இடத்தில் குடத்தை அமிழ்த்துவார்கள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பதற்குள் பாசி மறுபடியும் வந்து மூடிக்கொள்ளும். வீட்டு ஹாலில் செடி வளர்க்கிற மீன் தொட்டியிலும் நடப்பது இதுவேதான். ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்க உட்கார்ந்து கண்ணாடியைத் தேய்க்கிறோம். புதன்கிழமை பார்த்தால் பச்சை.

என் முதல் செடித் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். மணலும் கல்லும் போக ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சென்னைக் கொளத்தூர் மீன் கடைத் தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்து, பார்க்க அழகாக இருந்த எட்டு வகைச் செடிகளில் ஒவ்வொரு கொத்து வாங்கி வந்தேன். செடிக்கு வெளிச்சம் வேண்டுமே என்று காலை எட்டு மணிக்குப் போட்ட விளக்கை இரவு பத்து மணிக்குத்தான் அணைப்பேன். மூன்றாவது வாரத்தில் இலை தெரியவில்லை, இலைமேல் படர்ந்த நூல்தான் தெரிந்தது. பாசி மருந்து ஒரு பாட்டில், பாசி தின்னும் என்று சொல்லித் தந்த ஒரு மீன், பெரிய ஃபில்டர் என்று வரிசையாக வாங்கினேன். எதற்கும் பாசி அசையவில்லை. விளக்கை 6 மணி நேரமாகக் குறைத்து, வேகமாக வளர்கிற செடிகளைக் கொத்துக் கொத்தாக நட்டு, வாரா வாரம் பாதித் தண்ணீரை மாற்றத் தொடங்கிய பிறகுதான் அடங்கியது. செலவு என்று பார்த்தால் ஒரு டைமரும் கொஞ்சம் செடியும்தான். அந்த மூன்றும் ஏன் வேலை செய்தன என்பதைப் புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் 'பாசி' பெரிய குடை. மழைக்காலத்துச் சுவரில் படர்வதும் பாசி, குளத்துக்குள் கொடியாக வளரும் வேலம்பாசியும் பாசி. வேலம்பாசி உண்மையில் பூக்கிற செடி, அதைத் தொட்டியில் நட்டு வளர்க்கலாம். இங்கே நான் பாசி என்று சொல்வது வேர், தண்டு, இலை என்ற பிரிவு இல்லாமல், வெளிச்சத்தை வைத்துத் தனக்கு வேண்டிய உணவைத் தானே செய்துகொள்ளும் எளிய உயிர்களை. அவற்றின் நுண்வித்துகள் காற்றிலும், குழாய்த் தண்ணீரிலும், வாங்கி வருகிற செடியிலும் இருக்கின்றன. ஆகவே பாசியே இல்லாத தொட்டி என்று ஒன்று கிடையாது. கண்ணாடிபோல் மின்னும் தொட்டிகளிலும் அது இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர இடம் கிடைக்கவில்லை.

அந்த இடத்தை அதற்குக் கொடுப்பது யார்? பெரும்பாலும் விளக்குதான்.

அடுப்பும் மாவும்

செடி வளர மூன்று வேண்டும்: வெளிச்சம், கார்பன், உரச்சத்து. இவற்றில் எது குறைவாக இருக்கிறதோ அதுதான் வளர்ச்சியின் வேகத்தைத் தீர்மானிக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் பயிர்களுக்குச் சொல்லிப் பரப்பிய விதி இது. மீன் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும். வெளிச்சத்தை அடுப்பின் தீ என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பனும் உரச்சத்தும் மாவு. தீயை எவ்வளவு கூட்டினாலும் இருக்கிற மாவுக்குத்தான் இட்லி வரும். மாவு தீர்ந்த பிறகும் தீ எரிந்துகொண்டிருந்தால் பாத்திரம்தான் கருகும்.

தொட்டியில் அந்தக் கருகல் இப்படி நடக்கிறது. வெளிச்சம் ஏராளம், கார்பன் போதவில்லை. செடி வளர முடியாமல் நிற்கிறது. பழைய இலைகள் சோர்ந்து அவற்றிலிருந்து சத்து தண்ணீரில் கசிகிறது. அழுகும் இலையிலிருந்து அம்மோனியா வருகிறது. பாசிக்கு வேண்டியது மிகக் கொஞ்சம், அதை எடுத்துக்கொள்ளும் வேகமோ மிக அதிகம். சோர்ந்த இலைதான் அது முதலில் உட்காரும் இடம். நன்றாக வளர்கிற இலையில் பாசி ஒட்டுவது அரிது. ஆகையால் பாசியைப் பார்த்தால் 'இதை எப்படிக் கொல்வது' என்பதற்கு முன்னால் 'என் செடி ஏன் வளரவில்லை' என்று கேளுங்கள்.

விளக்கு

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மாதம் கழித்துச் செடிகள் நன்றாகப் பிடித்த பிறகு 7, 8 மணி நேரம் வரை மெல்லக் கூட்டலாம். கையால் போட்டு அணைத்தால் நிச்சயம் தவறும். மின்கடையில் கிடைக்கும் டைமரை வாங்கி மாட்டுங்கள். நீங்கள் வீட்டில் இருந்து பார்க்கிற நேரத்துக்கு அதை அமைத்துக்கொள்ளலாம். மாலை நாலு முதல் இரவு பத்து வரை எரிந்தாலும் செடிக்கு ஒன்றுதான்.

ஜன்னல் வெயில் நேராகத் தொட்டியில் விழக் கூடாது. காலை ஒரு மணி நேர வெயில்கூட நம் ஊரில் எந்த எல்இடி விளக்கையும் விட மிகப் பலம். தொட்டியை நகர்த்த முடியாவிட்டால் பின் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள், திரை போடுங்கள்.

விளக்கின் பலமும் ஒரு விஷயம். கடையில் 'இது ஹை லைட் செடி' என்று சொல்லித் தருகிற சிவப்பு இலைச் செடிகளையும் தரைப்புல் வகைகளையும் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். அவற்றுக்காகப் பலமான விளக்கு வாங்குவோம். பலமான விளக்குக்குக் கரியமில வாயு சிலிண்டர் தேவைப்படும். அது இல்லாதபோது பாசி வரும். விளக்கின் பிரகாசத்தைக் குறைக்க வழி இல்லையென்றால் அதை அரை அடி உயர்த்தி மாட்டுங்கள், அல்லது தண்ணீர்மேல் மிதக்கும் செடிகளை விடுங்கள். குளத்து ஆகாயத்தாமரை ஒரு கைப்பிடி போதும். மிதக்கும் செடிக்குக் கார்பன் காற்றிலிருந்தே கிடைக்கிறது. அதனால் தண்ணீருக்குள் இருக்கிற செடி திணறும்போதும் அது விடாமல் வளர்ந்து, தண்ணீரிலிருக்கும் சத்தை உறிஞ்சி, நிழலும் தரும். மேல்பரப்பில் பாதியை மூடியதும் அள்ளி வெளியே எறியுங்கள். எறிவது குப்பைத் தொட்டியில்தான், அக்கம்பக்கத்துக் குளத்தில் வேண்டாம். நம் ஏரிகள் ஏற்கெனவே மிதக்கும் செடிகளால் மூச்சுமுட்டிக் கிடக்கின்றன.

கார்பன்

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். காய்ந்த செடியின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் கார்பன். நிலத்துச் செடி அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்றோடு சமநிலையில் இருக்கிற தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கரியமில வாயுகூட இருக்காது. அதோடு, வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் இருப்பது தீர்ந்தால் அடுத்தது வந்து சேர நேரமாகும். ஃபில்டர் நீரோட்டம் தொட்டியின் எல்லா மூலைக்கும் போக வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இலைகள் மெல்ல அசைந்துகொண்டே இருந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

சிலிண்டர் வைத்து வாயு விடுகிறவர்கள் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை கொண்டுவருவார்கள். அளவு சரியா என்று பார்க்கத் தொட்டிக்குள் ஒட்டும் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் உண்டு, டிராப் செக்கர் என்பார்கள். அதிலிருக்கும் திரவம் நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சளானால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள். பச்சையாகவில்லையே என்று அவசரப்பட்டு வால்வைத் திருகி மீன்களை இழந்தவர்கள் உண்டு. வாயு, விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே தொடங்க வேண்டும்.

பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு வாயு எடுப்பது மலிவான வழி. ஆனால் நம் கோடைச் சூட்டில் முதல் இரண்டு நாள் பொங்கும், பிறகு அடங்கிவிடும். இப்படி ஏறி இறங்குகிற வாயுவுக்கு, வாயுவே விடாமல் விளக்கைக் குறைத்து வைப்பது எவ்வளவோ மேல். தொடக்கக்காரர்களுக்கு என் பரிந்துரை அதுதான்: சிலிண்டர் வேண்டாம், மிதமான விளக்கு, எளிய செடிகள். நீர்ப்பிரம்மி, வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா, வாட்டர் விஸ்டீரியா, ஹார்ன்வோர்ட். பெரும்பாலும் நம் குளங்களிலும் வயல் ஓரங்களிலும் வளர்கிற இனங்கள், நம் வெப்பத்துக்குப் பழகியவை. முதல் நாளிலேயே தரையின் முக்கால் பங்கை இவற்றால் நிரப்புங்கள். நான் செய்ததுபோல் ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து நட்டால், வெளிச்சமும் சத்தும் செடிக்கு மிஞ்சிப் பாசிக்குப் போகும்.

உரம் போட்டால் பாசி வருமா?

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் பாசிக்குக் காரணம், ஆகவே உரமே போடாதே என்ற அறிவுரையை இன்றும் கடைகளில் கேட்கலாம். ஏரிகளில் சாக்கடை கலந்து பாசி பூப்பதைப் பார்த்து எழுந்த எண்ணம் அது. 1990களில் செடித் தொட்டிக்காரர்களும் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தினால் பாசி கட்டுப்படும் என்றே நம்பினார்கள். அமெரிக்கச் செடித் தொட்டிக்காரர் டாம் பார் தன் தொட்டியில் வேண்டுமென்றே பாஸ்பேட்டைச் சேர்த்துப் பார்த்தார். செடிகள் அடர்ந்து, கரியமில வாயுவும் போதுமாக இருந்த அந்தத் தொட்டியில் பாசி வரவில்லை, செடிதான் இன்னும் வேகமாக வளர்ந்தது. அதிலிருந்து அவர் வகுத்த முறைதான் தேவைக்குச் சற்று அதிகமாகவே உரம் போட்டு, வாரம் ஒருமுறை 50 சதவீதத் தண்ணீரை மாற்றி மிச்சத்தை வெளியேற்றுவது. ஏரியில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: சத்தை உறிஞ்சிக்கொள்ளக் காத்திருக்கும் அடர்ந்த செடி.

மீன் நிறைய இருந்தால் அவற்றின் கழிவிலிருந்தே நைட்ரஜனும் பாஸ்பேட்டும் ஓரளவு கிடைத்துவிடும். மீன் குறைவாக, செடி அதிகமாக இருந்தால் வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். வண்ண பாட்டில் உரங்களில் இருப்பதேதான் சொட்டுநீர்ப் பாசன விவசாயிகள் வாங்கும் உரக்கடையிலும் இருக்கிறது. 13:0:45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட் தருவார்கள். 50 லிட்டர் தொட்டியில் அதில் 1 கிராம் கரைத்தால் லிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராம் நைட்ரேட் ஏறும். வாயு விடாத தொட்டிக்கு வாரத்துக்கு அது தாராளம். பாஸ்பேட்டுக்கு 0:52:34. அதில் 5 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, வாரம் 10 மில்லி ஊற்றினால் அதே தொட்டியில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.4 மில்லிகிராம் பாஸ்பேட் சேரும். இவற்றோடு இரும்பும் நுண்சத்துகளும் கலந்த கலவை ஒரு சிட்டிகை.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். யூரியா, டிஏபி, 19:19:19 இவற்றைத் தொட்டியில் போடவே போடாதீர்கள். டிஏபியில் அம்மோனியம் இருக்கிறது, யூரியா தண்ணீரில் அம்மோனியாவாக மாறும், 19:19:19இல் இரண்டுமே உண்டு. அது மீனையும் கொல்லும், பாசிக்கும் விருந்து வைக்கும்.

அம்மோனியா என்றதும் புதுத் தொட்டியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தண்ணீரில் சேரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அந்தக் காலத்தில்தான் பாசி முதலில் கிளம்பும். முதல் மாதத்தில் வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள், அழுகிய இலையை அன்றன்றே கிள்ளி எடுங்கள், மீனை அவசரப்பட்டு நிறைய விடாதீர்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் சேர்த்த பிறகே ஊற்றுங்கள். குளோரின் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

எந்தப் பாசி என்ன சொல்கிறது

புதுத் தொட்டியில் கண்ணாடிமேலும் இலைமேலும் பழுப்புப் பொடிபோல் படிவது டயட்டம். கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் தன் ஓட்டைக் கட்டிக்கொள்ளும் உயிர் இது. பூமியில் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயட்டங்கள் தருவது என்பதை நினைத்தால் எனக்கு அதன்மேல் கோபமே வராது. விரலால் துடைத்தால் போய்விடும், தொட்டி முதிர்ந்ததும் தானாக மறையும்.

கண்ணாடியில் கெட்டியாக ஒட்டிய பச்சைப் புள்ளிகள் வெளிச்சம் அதிகம், பாஸ்பேட் குறைவு என்று சொல்கின்றன. பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி எடுக்கலாம். அனுபியாஸ் போன்ற மெதுவாக வளரும் செடிகளின் இலையில் இவை வந்தால் போகாது. அந்த இலையை வெட்டிவிட்டு, செடியை நிழலான மூலைக்கு மாற்றுங்கள். நூல் நூலாக வளர்வதைப் பழைய பல்துலக்கியில் நூடுல்ஸ் போலச் சுற்றி இழுத்து எடுங்கள். அதற்கும் காரணம் பெரும்பாலும் வெளிச்சம்தான். தண்ணீரே பச்சைப் பட்டாணிச் சாறுபோல் ஆனால் அது ஒற்றைச் செல் பாசி. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் போகாது, கீழே சொல்லும் இருட்டு வைத்தியம் கேட்கும்.

கருந்தாடிப் பாசிதான் எல்லாரையும் அழவைப்பது. மரத்துண்டிலும் இலை ஓரத்திலும் ஃபில்டர் வாயிலும் கறுப்புக் குஞ்சம் குஞ்சமாக ஒட்டியிருக்கும், இழுத்தால் வராது. இனத்தால் இது செம்பாசி. ஒரு துண்டை ஸ்பிரிட்டில் போட்டுப் பாருங்கள், பச்சையம் கரைந்து போய்ச் சிவப்பு தெரியும். கரியமில வாயு ஏறி இறங்குகிற, அழுக்கு சேர்ந்த தொட்டிகளில்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். பாதிக்கப்பட்ட இலைகளை வெட்டுங்கள். மரத்துண்டையும் கல்லையும் வெளியே எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு அலசிப் போடுங்கள். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு தண்ணீர் கலந்துகொள்ள வேண்டும். சில நாளில் பாசி இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது.

நீலப்பச்சையாக, வழவழப்பான போர்வைபோல் மணலை மூடி, கிட்டப் போனால் சேற்று நாற்றம் அடிப்பது உண்மையில் பாசியே இல்லை. அது சயனோபாக்டீரியா. பூமியின் காற்றில் ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன் நிறையக் காரணமான குலம். பெரும்பாலும் நீரோட்டம் இல்லாத மூலையிலும், நைட்ரேட் தீர்ந்துபோன தொட்டியிலும் வரும். குழாயால் உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தைத் திருப்பிவிட்டு, பொட்டாசியம் நைட்ரேட் போடுங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவுக்கும் அதில் ஆபத்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வீட்டுக்குள் வளர்ப்பதும் ஆகும். தயவுசெய்து வேண்டாம்.

இருட்டு வைத்தியம் என்பது இதுதான்: பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கை அணைத்து, தொட்டியைக் கெட்டியான போர்வையால் முழுக்க மூடி, மூன்று நான்கு நாள் அப்படியே விடுவது. ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இடையில் திறந்து பார்க்கக் கூடாது. நல்ல நிலையில் இருக்கும் மீன் அத்தனை நாள் உணவில்லாமல் தாங்கும். வேரிலும் தண்டிலும் சேமிப்பு உள்ள செடி தாங்கிக்கொள்ளும், ஒற்றைச் செல் பாசி தாங்காது. திறந்ததும் மறுபடி பாதித் தண்ணீரை மாற்றுங்கள், செத்த பாசி அழுகினால் அம்மோனியா ஏறும். கடை மருந்துகளில் தாமிரம் கலந்தவை இறாலையும் நத்தையையும் கொல்லும் என்பதால் நான் அவற்றைத் தொடுவதில்லை.

பாசி தின்னிகள்

ஜப்பானியச் செடித் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) தன் தொட்டிகளில் பாசி தின்ன ஒரு சின்ன இறாலைக் கூட்டம் கூட்டமாக விட்டார். இன்று அது அவர் பெயராலேயே அமானோ இறால் எனப்படுகிறது. நூல் பாசிக்கு அதைப்போல் ஒன்றில்லை. குஞ்சுகளுக்கு உப்பு கலந்த நீர் தேவை என்பதால் தொட்டியில் பெருகாது. நெரைட் நத்தை கண்ணாடியை நன்றாக மேயும், ஆனால் கல்லிலும் மரத்திலும் வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை நன்னீரில் வளராது. செலவில்லாத உதவியாள் மோலி மீன், நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும்.

'டேங்க் கிளீனர்' என்று தருகிற சக்கர் மீனை வாங்காதீர்கள். விரல் நீளக் குட்டியாக வரும், ஒரு அடிக்கு மேல் வளரும், மென்மையான செடிகளைச் சுரண்டும், தின்றதைவிட அதிகம் அழுக்கு செய்யும். வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் விட்டவர்களால் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இந்த மீன் பரவி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. என்னிடம் இருந்ததை ஒரு பெரிய தொட்டிக்காரர் வாங்கிக்கொள்ளும்வரை எட்டு மாதம் வைத்திருந்தேன்.

எந்தத் தின்னியும் மிச்சம் மீதியைத்தான் துடைக்கும். பத்து மணி நேர விளக்கு விளைவிப்பதை இருபது இறாலும் தின்று தீர்க்காது.

சித்திரை, வைகாசியில் சென்னைத் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். சூடான தண்ணீரில் வாயுக்கள் குறைவாகவே கரையும், செடியோ அதிகமாக மூச்சு வாங்கிச் சோரும். அந்த இரண்டு மாதமும் விளக்கை ஒரு மணி நேரம் குறைத்துவிடுங்கள். மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீர்ப்பரப்பின்மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீரைத் தினம் ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மாற்றம் செய்த பிறகு எதைப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். பாசி பிடித்த பழைய இலை பழையபடி ஆகாது, அதைப் பார்த்து மனம் சோர வேண்டாம். ஒரே வாரத்தில் விளக்கு, உரம், ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், எது பலித்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். தண்டின் நுனியில் புதிதாக விரிகிற இலையை மட்டும் தினம் கவனியுங்கள். அது வெளிர் பச்சையாக, சுத்தமாக விரிகிறதா? அடுத்ததும் அப்படியா? நுனியில் நாலைந்து இலை சுத்தமாக வந்தவுடன், அந்த நுனியை வெட்டி மண்ணில் நட்டுவிட்டு, பாசி பிடித்த அடித்தண்டைப் பிடுங்கி எறியுங்கள்.